பாலிமர் பஃபர் கலக்கப் பழகுவோருக்கு: சேலத்து வெயிலும் ஏற்காட்டுக் குளிரும்

சேலத்தில் ஒரு மார்ச் மாத மதியம், டிரிஸ் என்ற வேதிப்பொருளை வைத்து ஒரு பஃபர் கலக்கி, பாட்டிலில் ‘பி.எச். 7.4’ என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் காலை அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் போய், ஒரு பயிற்சி வகுப்பில் மாணவர்கள் முன்னால் மீட்டரை வைத்தால் 7.8 என்கிறது. எலெக்ட்ரோடைக் கழுவினேன், மீட்டரை மறுபடி நிலைப்படுத்தினேன், எண் அசையவில்லை. பையில் இருந்த இன்னொரு பாட்டிலில் 5 சதவீத ஜெலட்டின் பஃபர். அது கெட்டித் தயிராக உறைந்து, கவிழ்த்தாலும் விழாமல் நின்றது.

கலக்கியதில் தப்பில்லை. கீழே ஆய்வகத்தில் 34 டிகிரி, மேலே 20 டிகிரி, அவ்வளவுதான் வித்தியாசம். டிரிஸுக்கும் ஜெலட்டினுக்கும் அந்தப் பதினான்கு டிகிரி போதும், ஆளே மாறிவிடும். புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் கைக்கு வந்திருக்கவில்லை.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டோ, முனைவர் பட்ட வேலையோ இப்போதுதான் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிப் பாடத்தில் தாங்கல் கரைசல் (அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் பி.எச்.சை அதிகம் மாறவிடாதது), பலபடி என்று படித்திருப்பீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் பஃபர், பாலிமர் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

பஃபரில் பாலிமர் எதற்கு? காரணம் பல. மிகக் குறைந்த அளவு நொதி வைத்து வேலை செய்யும்போது அது குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும், பாலிமர் அதைத் தடுக்கும். செல்லுக்குள் இருக்கும் நெரிசலைக் குழாயில் கொண்டுவரப் பாலிமர் வேண்டும். செல்லையோ நொதியையோ ஒரு மென்மையான ஜெல்லில் அடைத்து வைக்கவும் அது வேண்டும். புதியவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றே. பழக்கமான பஃபரை முதலில் கலக்கிவிட்டு, பாலிமரை அதில் சர்க்கரை மாதிரி கொட்டுவார்கள். வரிசை தலைகீழ். பாலிமரை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குச் சேரும் உப்பை அப்புறம் தேடுங்கள்.

முதலில் பாலிமர்

மின்சுமை இல்லாதவற்றில் தொடங்குவது நல்லது. பாலிஎத்திலீன் கிளைக்கால், அதாவது பெக், ஒன்று. டெக்ஸ்ட்ரான் இன்னொன்று, இது லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையிலிருந்து செய்வது. இரண்டும் குறைந்த அளவில் பி.எச்.சைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் பெக் அளவு கூடினால் கதை வேறு. பெக் 8000 (எண் அதன் சராசரி மூலக்கூறு எடை) பத்து சதவீதத்தை நெருங்கினால் பெரிய புரதங்கள் கீழே படிய ஆரம்பிக்கும். அடர்த்தியான பெக்கும் அடர்த்தியான பாஸ்பேட்டும் சேர்ந்தால் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். ஸ்வீடனின் ஆல்பர்ட்சன் 1950களில் இதையே புரதங்களையும் செல் துண்டுகளையும் பிரிக்கும் முறையாக ஆக்கினார். உங்களுக்கு அது வேண்டாமென்றால் 1 சதவீதத்தில் நில்லுங்கள்.

ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது, எதிர்மின்சுமை கொண்டது. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது, அமிலத்தில் நேர்மின்சுமை கொண்டிருக்கும். ஜெலட்டின் புரதம் என்பதால் இரண்டும் உண்டு. அமில முறையில் எடுத்த ஏ வகையின் சமமின் புள்ளி, அதாவது இரண்டு மின்சுமையும் சமமாகும் பி.எச்., 7 முதல் 9 வரை, கார முறையில் எடுத்த பி வகைக்கு 5ஐ ஒட்டி. ‘ஜெலட்டின்’ என்று மட்டும் ஆர்டர் போட்டால் கடைக்காரர் கையில் இருப்பதை அனுப்புவார், எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பாலிஎத்திலீனிமீன் என்று ஒன்றையும் யாராவது சிபாரிசு செய்வார்கள். அது தானே ஒரு பஃபர், மிக அகலமான பி.எச். எல்லையில் தாங்கும். ஆனால் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஜவ்வரிசியில் ஒரு ஒத்திகை

விலை உயர்ந்த பாலிமரைத் தொடும் முன், கை பழக ஒன்று செய்யலாம். சேலத்துக்காரர்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. மரவள்ளி ஸ்டார்ச்சும் ஒரு பாலிமர்தான். ஜவ்வரிசி மணி ஏற்கெனவே சூடு பட்டுப் பாதி வெந்தது, ஆகவே மாவாகவே கிடைக்கும் ஸ்டார்ச்சை வாங்குங்கள்.

20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 6.7 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பி.எச். 6.9. இது அமைலேஸ் நொதிக்கான பழைய பஃபர். 100 மில்லிக்கு 1 கிராம் ஸ்டார்ச்சை முதலில் கொஞ்சம் குளிர்ந்த பஃபரில் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் மீதி பஃபரில் ஊற்றிக் கலக்குங்கள். வீட்டில் கஞ்சிக்கு மாவு கரைப்பது எப்படியோ அப்படி. 65 டிகிரியைத் தாண்டும்போது பால் நிறம் போய்க் கண்ணாடி போலாகும். ஆறிய பிறகு உமிழ்நீரில் ஒரு துளியும், நிறம் பார்க்க அயோடினும். அதே வேலையைக் குளோரைடு இல்லாமல் செய்து பாருங்கள். உமிழ்நீர் அமைலேஸுக்குக் குளோரைடு துணை தேவை என்பதால் நீலம் மறைய நேரம் ஆகும். பஃபரில் இருக்கும் உப்பு சும்மா இருக்கும் பொருள் இல்லை என்பது அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாப்பிடலாம் என்பதும் செல்லுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதும் வேறு வேறு. நம் வயிறு தாங்கும் பாக்டீரியாச் செல்சுவர்த் துண்டுகளை வளர்ப்புச் செல்கள் தாங்காது. எண்டோடாக்சின் என்ற அந்த நச்சு, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில்கூட அழியாது, கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதைப் போக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வேண்டும். கடை மாவு ஒத்திகைக்கு மட்டும்.

உப்பும் பாலிமரும் சண்டை போடும் இடங்கள்

என்னிடம் படித்த ஒரு மாணவி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அழகழகாக ஆல்ஜினேட் மணிகள் சொட்டினாள். ராத்திரி அவற்றைப் பி.பி.எஸ்.ஸில், அதாவது பாஸ்பேட் உப்புப் பஃபரில் போட்டுவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால் மணிகளைக் காணோம், கொழகொழவென்று தண்ணீர்தான். யாரோ கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தாள்.

ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம். பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிட்ரேட்டும், உலோகங்களைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ.வும் இன்னும் வேகமாக இழுக்கும். கட்டு அவிழ்ந்தால் மணி கரையும். ஆகவே ஆல்ஜினேட் என்றால் ஹெப்பிஸ் என்ற பஃபர் அல்லது டிரிஸ், அதிலும் கொஞ்சம் கால்சியம் விட்டு.

கைட்டோசானுக்கும் பாஸ்பேட் ஆகாது. அதன் அமீன் குழுவின் பி.கே.ஏ., அதாவது பாதி அமீன்கள் மின்சுமை ஏற்றிருக்கும் பி.எச்., 6.5ஐ ஒட்டியது. 1 சதவீத அசெட்டிக் அமிலத்தில் சமர்த்தாகக் கரையும், 7.4க்குக் கொண்டுபோனால் வெள்ளையாகத் திரிந்துவிடும். கைட்டோசானை உடல் பி.எச்.சில் கரைசலாக வைத்திருப்பேன் என்று திட்டம் போட்டிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

பெக், டெக்ஸ்ட்ரான் இரண்டுக்கும் பி.பி.எஸ். தாராளமாகப் போதும்.

தண்ணீர்

சேலத்தில் காவேரித் தண்ணீர், போர் தண்ணீர் என்று இரண்டு உண்டு, சமையலுக்கே ஆட்கள் பார்த்துத்தான் எடுப்பார்கள். நகரத்தின் ஓரத்தில் மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் கரடுகளைப் பார்த்திருப்பீர்கள், அது மெக்னீசியம் கார்பனேட். போர் தண்ணீரின் கடினத்தன்மையைக் கேட்கவே வேண்டாம். அதில் பாஸ்பேட் போட்டால் கலங்கும், ஆல்ஜினேட் போட்டால் அங்கங்கே கட்டி கட்டும். கேன் தண்ணீரும் வேண்டாம். இரண்டு முறை வடித்த தண்ணீர் பயிற்சிக்கு ஆகும். செல் வேலைக்கு 18.2 மெகாஓம் மின்தடை காட்டும் சுத்தத் தண்ணீர் தரும் கருவி எந்தத் துறையில் இருக்கிறதோ அங்கே போய்ப் பிடித்து வாருங்கள், அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

கலக்குதல்

பி.பி.எஸ்., ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.44 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.24 கிராம். இந்த 1.44 கிராம் நீரற்ற உப்புக்கு. நம் ஆய்வக அலமாரிகளில் பல நேரம் இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட உப்புதான் இருக்கும், அதற்கு 1.81 கிராம். பன்னிரண்டு நீர் கொண்டதென்றால் 3.63 கிராம். டப்பாவில் உள்ள மூலக்கூறு எடையைப் பாருங்கள்: 142, 178, 358. இதைக் கவனிக்காமல் ‘பி.எச். ஏன் வரவில்லை’ என்று அமிலமும் காரமுமாக ஊற்றிக்கொண்டிருப்பவர்களை வருடத்துக்கு நான்கு பேராவது பார்க்கிறேன்.

முதல் பாலிமர் பஃபர்: மேலே சொன்ன உப்புகளை 800 மில்லியில் கரைத்து, பெக் 8000 பத்து கிராம் போட்டு, கரைந்த பிறகு பி.எச். பார்த்து, ஒரு லிட்டராக்குங்கள். தண்ணீரைக் கடைசியில்தான் முழுசாக்க வேண்டும். ஒரு லிட்டர் பஃபரில் பத்து கிராம் போட்டால் கொள்ளளவு கூடி, எல்லா உப்பின் செறிவும் குறையும்.

ஆல்ஜினேட்டுக்கு: ஹெப்பிஸ் 2.38 கிராம், சோடியம் குளோரைடு 8.18 கிராம், கால்சியம் குளோரைடு இரண்டு நீர் கொண்டது 0.29 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7.4, மொத்தம் ஒரு லிட்டர். இது மணிகளைக் கழுவவும் வைத்திருக்கவும். ஆல்ஜினேட்டை இதில் கரைக்கக் கூடாது, உடனே கட்டியாகும். கால்சியம் இல்லாத உப்புத் தண்ணீரில் 2 சதவீதம் கரையுங்கள். பொடியை மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாக உருண்டை விழும். ராகிக் களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டி தட்டுவது என்னவென்று புரியும். ஸ்டிரரை நன்றாகச் சுழலவிட்டு, சுழலின் ஓரத்தில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். அப்புறம் வேகத்தைக் குறைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரப்பட்டால் இங்கே ஒன்றும் நடக்காது. மறுநாள் 22 கேஜ் ஊசி வழியாக 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுங்கள், பத்து நிமிடத்தில் மணி இறுகும்.

வேறு இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிவினைல் ஆல்கஹாலைக் குளிர்ந்த தண்ணீரில் தூவி, பிறகு 85, 90 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் கரையும். மெத்தில் செல்லுலோஸ் நேர் எதிர்: சூடான தண்ணீரில் தூவி, குளிர வைத்தால் கரையும். இரண்டையும் மாற்றிச் செய்தால் அரை நாள் போச்சு.

பி.எச்.சும் இடமும்

டிரிஸ்ஸின் பி.கே.ஏ. 25 டிகிரியில் 8.07. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 இறங்கும், குளிர்ந்தால் அதே கணக்கில் ஏறும். என் ஏற்காட்டுக் கதையைக் கணக்குப் போட்டால்: 14 பெருக்கல் 0.028, கிட்டத்தட்ட 0.4. அதே பாட்டிலை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால் 8.2க்குப் போய்விடும். ஹெப்பிஸ் இதில் பாதி, டிகிரிக்கு 0.014. பாஸ்பேட் பத்தில் ஒரு பங்கு, 0.0028தான், மலை ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. ஹெப்பிஸ் போன்ற பஃபர்களை நார்மன் குட் குழுவினர் 1966இல் வெளியிட்டார்கள். செல் சவ்வைக் கடக்காதது, உலோகங்களை அதிகம் பிடிக்காதது, பி.கே.ஏ. 6க்கும் 8க்கும் இடையே இருப்பது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவை.

மீட்டரில் வெப்ப ஈடு தரும் கம்பி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது எலெக்ட்ரோடின் கணக்கைத்தான் திருத்தும். உங்கள் பஃபரின் உண்மையான பி.எச். மாறுவதை அது திருத்தாது, திருத்தவும் கூடாது. எந்த வெப்பநிலையில் சோதனை நடக்குமோ அந்த வெப்பநிலைக்குப் பஃபரைக் கொண்டுவந்து பி.எச். வையுங்கள். 37 டிகிரி இன்குபேட்டர் என்றால் தண்ணீர்த் தொட்டியில் பீக்கரை வைத்து 37 டிகிரியில்.

பாலிமர் கெட்டியாக இருந்தால் எலெக்ட்ரோடு சோம்பேறியாகும். எண் நிற்க இரண்டு நிமிடம் பொறுங்கள். முடிந்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஜெலட்டின் காய்ந்தால் எலெக்ட்ரோடின் துளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் பெப்சின் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கெஞ்ச வேண்டும். பைப்பெட்டிலும் இதே சிக்கல். நுனியைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, மெதுவாக உறிஞ்சுங்கள்.

தாங்குகிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை: 100 மில்லி பி.பி.எஸ்.ஸில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டால் பி.எச். சுமார் 0.2 இறங்கும். பாலிமர் சேர்த்ததில் அதே அளவு விட்டு ஒப்பிடுங்கள். பெக் என்றால் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் எடை போட்டதில் பிழை, அல்லது பாலிமர் பொடியிலேயே அமிலமோ காரமோ மிச்சம்.

கிருமி நீக்கம்

கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவ், 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று மனப்பாடம். அந்த முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் காற்றழுத்தமே குறைவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே முள் 15இல் நின்றால் உள்ளே 118 டிகிரிதான். ஒன்று, முள்ளை 17.5 பவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், கருவி அதற்குத் தகுதியானது என்றால் மட்டும். இல்லையென்றால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். சேலத்தின் 280 மீட்டருக்கு அரை பவுண்டு கூட்டினால் போதும்.

ஆனால் எல்லாப் பாலிமரையும் ஆட்டோகிளேவில் போட முடியாது. டெக்ஸ்ட்ரான் தாங்கும், பாலிவினைல் ஆல்கஹால் தாங்கும். ஆல்ஜினேட் சங்கிலி உடைந்து தண்ணீராகும், அப்புறம் மணி இறுகாது. பெக் காற்றுப் பட்டுச் சூடானால் பெராக்சைடும் அமிலமும் உண்டாகிப் பி.எச். இறங்கும். இவற்றுக்கு வடிகட்டிதான் வழி. 2 சதவீத ஆல்ஜினேட்டை நேராக 0.22 மைக்ரான் வடிகட்டியில் அழுத்தினால் சிரிஞ்சுதான் உடையும். 1 சதவீதமாக்கி, முதலில் 0.45, பிறகு 0.22.

செல் ஒத்துக்கொள்கிறதா

இந்தக் கேள்விக்குக் குறைந்த செலவில் பதில் சொல்வது ரத்தச் சோதனை. காலையில் கறிக்கடையில் சொல்லி வைத்தால் ஆட்டு ரத்தம் கிடைக்கும். 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு உள்ள குழாயில் ரத்தம் ஒன்பது பங்கு பிடியுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. துறையில் அனுமதி கேட்டுவிட்டே செய்யுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் மெதுவாகச் சுற்றி, உப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, சிவப்பணுக்களை 2 சதவீதமாகக் கலக்குங்கள். ஒரு குழாயில் உங்கள் பஃபர், ஒன்றில் பி.பி.எஸ்., ஒன்றில் வெறும் தண்ணீர். 37 டிகிரியில் மூன்று மணி நேரம். சுற்றி, உடைந்த அணுக்களிலிருந்து மேல்நீருக்கு வந்த சிவப்பை நிறமாலைமானியில் 540 நானோமீட்டரில் படியுங்கள். தண்ணீர்க் குழாய்தான் நூறு சதவீதச் சிதைவு, பி.பி.எஸ். குழாய் பூஜ்யம். ஏ.எஸ்.டி.எம். எஃப்756 என்ற சர்வதேச அளவுகோலின்படி 2 சதவீதத்துக்குள் இருந்தால் ரத்தத்தைச் சிதைக்காது, 5க்கு மேல் போனால் சிதைக்கிறது.

ஆட்டின் சிவப்பணு மிகச் சிறியது, உப்புச் செறிவு கொஞ்சம் குறைந்தாலே உடைந்துவிடும். ஆகவே உங்கள் குழாய் சிவந்தால் உடனே பாலிமரைத் திட்டாதீர்கள், உப்பைச் சரியாகப் போட்டீர்களா என்று பாருங்கள். இதில் தேறிய பிறகு வளர்ப்புச் செல்லில் எம்.டி.டி. சோதனை, அதாவது செல்கள் எத்தனை பங்கு உயிரோடு இருக்கின்றன என்று நிறத்தால் பார்ப்பது. உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்பது ஐ.எஸ்.ஓ. 10993-5 என்ற சர்வதேசத் தர அளவுகோலின் கணக்கு.

பாட்டிலில் எழுத வேண்டியது

பூஞ்சை வராமலிருக்க 0.02 சதவீத சோடியம் அசைடு போடுவது வழக்கம். செல்லுக்கு அது விஷம், பெராக்ஸிடேஸ் நொதியையும் முடக்கும். போட்டிருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். ஹெப்பிஸ் பாட்டிலை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

பி.எச். என்று எழுதினால் பக்கத்திலேயே எந்த வெப்பநிலையில் என்றும்: ‘7.4, 22 டிகிரியில்’. பாலிமரின் வகை, லாட் எண், திறந்த தேதி. ஏற்காட்டில் மழைக்காலத்தில் திறந்த பொடி டப்பா ஈரம் இழுத்துவிடும், அப்புறம் ஒரு கிராம் என்பது ஒரு கிராம் இல்லை. ஜெலட்டின் பாட்டிலுக்கு இன்னொரு வரி: ‘திறக்கும் முன் 37 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம்’. அன்றைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி வேலை செய்யவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, தண்ணீர் விட்டு விளாவி, பாட்டிலை அதில் நிறுத்தித்தான் வகுப்பைத் தொடங்கினோம்.